நாலாம் எண் வில்லை

வாஷிங்டன்
14 மே 1974

அன்புள்ள வைனோ,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுவாய், அதற்கு ஒரு தபால்தலை தண்டம். உன் தங்கை இம்பியிடம் விவரமாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நீ அனுப்பிய புகைபோட்ட மீன் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா திருமதி பெல்ச்சர் இரண்டு நாளாகத் தரைப்பலகைக்கு அடியில் செத்த எலியைத் தேடியிருக்கிறார். நான் வந்ததும் கதவைத் தட்டி, "ஏம்மா, உங்க பேர்ல வந்த பொட்டலத்துல ஏதாவது உயிரோட இருந்து செத்துப்போச்சா?" என்று கேட்டார். ஒரு துண்டு ரொட்டியில் வைத்துக் கொடுத்தேன். இப்போது, "உங்க வீட்டுக்காரர் அடுத்தது எப்ப அனுப்புவாரு?" என்று தினமும் விசாரிக்கிறார்.

பஸ் ஏறும்போது நீ சொன்னதை வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். "என்ன இருந்தாலும் நீ ப்ரூயிட் வீட்டுப் பொண்ணு. உன் தாத்தா எழுதினதைத்தான் நீயும் எழுதப்போறே." இதைச் சொல்லிவிட்டு என் பெட்டியை முட்டைக்கூடையைப்போல அவ்வளவு பதமாக மேலே ஏற்றி வைத்தாய். திட்டிக்கொண்டே பணிவிடை செய்ய உன்னை விட்டால் ஆள் இல்லை. வலித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீ கேட்டது நியாயமான கேள்வி. அதனால் அதை மடித்து என் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நம் ஏரிக்கரையில் ஹாலெட் முனை படகு மீட்பு நிலையத்தைப் புதுப்பித்து ஜூலையில் திறக்கிறார்கள். வாசலில் நிற்கப்போகும் தகவல் பலகையை எழுதும் வேலை என்னுடையது. அதில் 1912 நவம்பர் 18 வந்தே தீரும். 'மேரியன் டேட்' சரக்குப் படகு கரைதட்டியதும், அதில் ஏழு பேர் இறந்ததும், அன்று விடியற்காலைக் கரைக்காவலுக்குப் போன உன் அப்பா பாதி வழியில் திரும்பிவிட்டார் என்று அவரை வேலையை விட்டு நீக்கியதும் வந்தே தீரும். நீக்கச் சொல்லி அறிக்கை எழுதிய நிலையத் தலைவர் ஏமஸ் ப்ரூயிட் என் தாத்தா. உன் அப்பாவுக்கு 'பாதிவழி லெஹ்டினென்' என்று ஊர் வைத்த பெயர் உனக்கும் தொற்றியது. பள்ளிக்கூடத்தில் அதற்காக நீ எத்தனை பேர் மூக்கை உடைத்தாய் என்பதற்கு மட்டும் எந்த ஆவணமும் கிடைக்கவில்லை.

இங்கே ஆவணக்காப்பகத்தில் உள்ள விசாரணைக் கோப்பு நான் நினைத்ததைவிட மெலிது. ஒரு செய்தித்தாள் துண்டு, அடுத்த நிலையமான பர்ச் க்ரீக்கின் காவலர் சைலஸ் கோர்ம்லியின் வாக்குமூலம், படகில் பிழைத்த ஒரே ஆளான சமையல்காரரின் வாக்குமூலம், என் தாத்தாவின் அறிக்கை. உன் அப்பா தரப்பில் ஒரே வரிதான். "சொல்வதற்கு எதுவும் இல்லை." கீழே கையெழுத்து. உன் கையெழுத்தைப்போலவே கடைசி எழுத்து மேலே தூக்கியிருக்கிறது.

முதலில் நல்ல செய்தியைச் சொல்கிறேன். அவர் குடித்திருந்தார் என்று ஊரில் சொல்வார்களே, அது அந்தச் செய்தித்தாளிலிருந்து கிளம்பியதுதான். பத்திரிகை அச்சானது ஐம்பது மைலுக்கு அப்பால், மூன்றாம் நாள். அந்த வாரம் முழுக்கப் பாதை பனியில் மூடிக்கிடந்தது என்று அதே தாளின் அடுத்த பத்தியில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். யாரும் வந்து பார்க்கவில்லை. 'ஃபின்லாந்துக்காரன்' என்று பெயர்கூடப் போடாமல் எழுதி, கூடவே குடியையும் சேர்த்துவிட்டார்கள். விசாரணையில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. எனவே குடி போயிற்று. அதைத் தாராளமாக யாரிடமும் சொல்.

கோர்ம்லியின் வாக்குமூலம்தான் கனமானது. இரண்டு நிலையங்களுக்கும் நடுவில் உள்ள எல்லைக் குடிசையில் காத்திருந்ததாகவும், லெஹ்டினென் வரவே இல்லை என்றும் சத்தியம் செய்திருக்கிறார். அதை யாரும் சரிபார்க்கவில்லை. கோர்ம்லி சொன்னால் போதும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று மாலை என் குறிப்புகளைப் புரட்டினேன். என் தாத்தாவைச் சந்தேகப்படும்படியாக மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். உன் அப்பாவுக்கு எதிராக இருப்பதில் அரை வரிதான் எடுத்திருக்கிறேன். நான் ப்ரூயிட் பக்கம் சாய்வேன் என்று நீ பயந்தாய். நான் விழுந்திருப்பது மறுபக்கம். உனக்குச் சிரிப்பு வரலாம். சரித்திரம் எழுதுகிற என் தொழிலில் அது சிரிக்கிற விஷயம் இல்லை. இன்று காலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

நீ நின்றுகொண்டே, ஜன்னலோரம் குளிரில் சாப்பிடுவதாக இம்பி எழுதியிருக்கிறாள். இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், உங்கள் வீட்டு ஆண்களுக்கு அடுப்போடு அப்படி என்னதான் பகை? உன் அப்பாவும் அப்படித்தான். ஜனவரியிலும் நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார். அடுப்பு கடிக்காது. உட்கார்ந்து சாப்பிடு.

உன்
ஹேஸல்


வாஷிங்டன்
29 மே

என் கண்ணான வைனோ,

இம்பியின் கடிதம் இன்று காலை வந்தது. உன் அம்மாவின் பொத்தான் டப்பாவில் அடியில் கிடந்ததாம் ஒரு பித்தளை வில்லை. அதன்மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து அனுப்பியிருக்கிறாள். கெட்டிக்காரி. எழுத்து அப்படியே விழுந்திருக்கிறது: 'பர்ச் க்ரீக். 4.'

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். உனக்கு இது தெரிந்த விஷயம்தான், பலகைக்காக எழுதிப் பார்த்ததை உனக்கும் காட்டுகிறேன். ஒவ்வொரு காவலரும் தன் நிலையத்தின் பெயரும் தன் எண்ணும் பொறித்த பித்தளை வில்லையோடு கிளம்புவார். கரையோரம் மூன்று மைல் நடந்து, எல்லைக் குடிசையில் அடுத்த நிலையத்துக் காவலரைச் சந்தித்து, வில்லையை மாற்றிக்கொண்டு திரும்புவார். முழுத் தூரமும் நடந்ததற்கு அதுதான் சாட்சி. அடுத்த காவலில் அது அதன் சொந்த நிலையத்துக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

ஆக, அடுத்த நிலையத்து வில்லை ஒருவர் வீட்டில் தங்கவே முடியாது. தங்கியிருந்தால் அது அவருடைய கடைசிக் காவலில் வாங்கியதாக இருக்க வேண்டும். உன் அப்பாவின் கடைசிக் காவல் எது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் பொத்தான் டப்பாவுக்குத் தேதி தெரியாதே. அதனால் மத்தியானம் சாப்பிடாமல் ஓடிப்போய், பர்ச் க்ரீக் நிலையத்தின் பெட்டியைக் கேட்டேன். அது விசாரணைக் கோப்போடு இல்லை, வேறு அலமாரியில் சாமான் பட்டியல்களோடு கிடந்தது. எடுத்துக் கொடுத்தவர், "இதை இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்லீங்க" என்று தூசியைத் தட்டினார். அந்த வருஷ முடிவில் எடுத்த பட்டியலில் இருக்கிறது, வைனோ: 'வில்லை எண் 4. நவம்பர் 18 முதல் காணவில்லை.'

அவர் போயிருக்கிறார். குடிசை வரைக்கும் போயிருக்கிறார். கோர்ம்லியைச் சந்தித்திருக்கிறார். கோர்ம்லி சத்தியம் பண்ணிப் பொய் சொல்லியிருக்கிறார்.

என் தாத்தாவும்தான். நம் ஹாலெட் முனைப் பட்டியலில் உன் அப்பாவின் இரண்டாம் எண் வில்லைக்கு எதிரே, என் தாத்தாவின் கையெழுத்தில், 'அலையில் தொலைந்தது' என்று இருக்கிறது. பாதி வழியில் திரும்பியவர் சட்டைப்பையில் அவருடைய சொந்த வில்லை அல்லவா இருந்திருக்க வேண்டும்? அது இல்லை என்றாலே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? முப்பது வருஷம் நிலையத்தை நடத்தியவருக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்தே 'தொலைந்தது' என்று எழுதிவிட்டார். இதை உனக்கு எழுத எனக்குக் கொஞ்சமும் கை கூசவில்லை.

நாம் ஜெயித்துவிட்டோம். இன்று எனக்கும் திருமதி பெல்ச்சருக்கும் கடைசி மீன் துண்டு. கொண்டாட்டம்.

உன்
ஹேஸல்


வாஷிங்டன்
9 ஜூன்

அன்புள்ள வைனோ,

உன் அஞ்சலட்டை வந்தது. கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் நீ எனக்கு எழுதிய மிக நீளமான கடிதம் அது, ஒன்பது வார்த்தை. "தெரியும். எனக்கு அப்பவே தெரியும். புது கோட்டு வாங்கிட்டேன். சீக்கிரம் வா." தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இம்பியும் எழுதியிருந்தாள். நீ கூட்டுறவுக் கடைக்குப் போய், வில்லையைக் கல்லாப் பலகைமேல் வைத்து, "பாருங்கய்யா, பாதிவழி எதுவரைக்கும் போயிருக்காருன்னு நல்லாப் பாத்துக்குங்க!" என்றாயாமே. கடையில் இருந்த அத்தனை பேரும் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்களாம். நீ வெளியே வந்து லாரியில் ஏறி உட்கார்ந்து அழுதாயாம். அதைப் படித்துவிட்டு நானும் அழுதேன். பிறகு இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஐந்து நாள் ஆனது.

வைனோ, நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். முதல் வருஷ மாணவன் செய்தால் நான் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். வேண்டியது கிடைத்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். அந்தப் பெட்டியில் சாமான் பட்டியலுக்கு அடியிலேயே பர்ச் க்ரீக் நிலையத்தின் நாட்குறிப்பு இருந்தது. உனக்குக் கடிதம் எழுதும் அவசரத்தில் அதைத் திறக்காமலே மூடி வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் பலகைக்குப் பக்க எண் குறித்துக்கொள்ளப் போனபோதுதான் திறந்தேன்.

நவம்பர் 18க்கு இரண்டு வரி. கோர்ம்லி தன் காவலிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகத் திரும்பினார். எல்லைக் குடிசையில் விறகு முழுவதும் தீர்ந்துவிட்டது, ஒரு சுமை அனுப்ப வேண்டும்.

நீயே கூட்டிப் பார். உன் அப்பா நாலு மணிக்குக் கிளம்பினார். அந்தக் காற்றில் மூன்று மைல் நடக்க ஒன்றரை மணி. ஐந்தரைக்குக் குடிசை. வில்லையை மாற்றிக்கொண்டு கால் மணியில் திரும்பியிருந்தால், படகு கிடந்த இடத்தை ஆறேகாலுக்குக் கடந்திருப்பார், அது குடிசையிலிருந்து ஒரே மைல். ஆறு மணிக்குக் கொஞ்சம் மேலே கரைதட்டியதாகவும், ஏழு மணி வரை தீப்பந்தம் காட்டியதாகவும், கரையில் ஒரு வெளிச்சம்கூடப் பதில் சொல்லவில்லை என்றும் சமையல்காரர் சொல்கிறார். உன் அப்பா நிலையத்துக்கு ஓடிவந்து செய்தி சொன்னது எட்டு இருபதுக்கு. பாதி வழியில் திரும்பி எங்கேயோ ஒதுங்கியிருந்தார், விடிந்தபிறகுதான் படகைப் பார்த்தார் என்று விசாரணை கணக்குப் போட்டது.

ஒரு மணி நேரம் எங்கே போயிற்று? விறகு எந்த நாள் எரிந்தது என்று விறகு வந்து சொல்லாது. ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்திருக்கலாம். அலை ஏறி வழி அடைபட்டிருக்கலாம். இப்படியெல்லாம் எழுதி எழுதி அடித்தேன். ஆனால் இரண்டு பேர், ஒரு குடிசை, ஒரு அடுப்பு, இரண்டு பேருக்கும் ஒரே அளவு தாமதம். நீ என்ன நினைக்கிறாயோ அதைத்தான் நானும் நினைக்கிறேன்.

அவருக்கு அப்போது இருபத்துநாலு வயசு, வைனோ. இடுப்புவரை நனைந்து, உறைபனியில் மூன்று மைல் நடந்து வந்து ஒரு அடுப்பைக் கண்டால், யார்தான் உட்காரமாட்டார்கள்? நானாக இருந்தால் படுத்தே இருப்பேன். கொஞ்ச நேரம் என்றுதான் உட்கார்ந்திருப்பார்கள். என்னால் அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அந்த ஏழு பேரின் பெயரையும் வரிசையாகப் படித்துவிட்டும் முடியவில்லை.

உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு நாள் நான் ஆவணக்காப்பகத்துக்கே போகவில்லை. அறையிலேயே உட்கார்ந்து யோசித்தேன். அறுபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பெட்டியைத் திறந்தவள் நான் ஒருத்தி. மூடினால் மூடினதுதான். நீ புதுக் கோட்டு போட்டுக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் நிற்பாய். யாருக்கு என்ன நஷ்டம்? திருமதி பெல்ச்சர், "உடம்பு சரியில்லையாம்மா?" என்று சூப் கொண்டுவந்து வைத்தார்.

அப்புறம் தோன்றியது. கோர்ம்லி செய்ததும் இதைத்தானே? தனக்குப் பிரியமானவர்களுக்காக ஒரு மணி நேரத்தை விழுங்கிவிட்டார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும்.

என் தாத்தா விஷயமும் அப்படித்தான். போன கடிதத்தில் கை கூசவில்லை என்று பெருமையாக எழுதினேன். ஏன் கூசவில்லை என்று பிறகுதான் யோசித்தேன். பஸ் நிறுத்தத்தில் நீ சொன்ன அந்த ஒரு பேச்சுக்குப் பதிலாக, என் தாத்தாவைக் கொண்டுவந்து உன் காலடியில் போட்டுவிட்டேன். 'அலையில் தொலைந்தது.' உன் மனைவியாகப் படித்தால், ஒரு ஃபின்லாந்துக்காரர்மேல் பழியைப் போடச் சாட்சியை மறைத்த கையெழுத்து அது. அவர் பேத்தியாகப் படித்தால், சந்திப்பு நடந்தது என்று தெரிந்தால் அந்த ஒரு மணி நேரமும் வெளியே வரும், வேலையோடு முடிவது ஜெயிலில் போய் முடியும் என்று ஒரு சின்னப் பையனைக் காப்பாற்றிய கையெழுத்து. ஐந்து நாளாக மாற்றி மாற்றிப் படிக்கிறேன். தாளில் இருப்பது இரண்டே வார்த்தை. மற்றதெல்லாம் நான் கொண்டுபோனது.

பலகைக்கு இப்படி எழுதியிருக்கிறேன். புதுப்பிப்புக் குழுவுக்கு இன்னும் அனுப்பவில்லை. முதலில் நீ படி.

'1912 நவம்பர் 18 விடியற்காலையில் காவலர் ஏய்னோ லெஹ்டினென் எல்லைக் குடிசை வரை நடந்து சென்றார். அவர் கடைசிவரை வைத்திருந்த பர்ச் க்ரீக் வில்லை அதற்குச் சாட்சி. அவர் பாதி வழியில் திரும்பினார் என்ற விசாரணை முடிவு தவறு. அவரும் பர்ச் க்ரீக் காவலரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகத் திரும்பினர். காரணம் பதிவாகவில்லை. நிலையத் தலைவர் ஏமஸ் ப்ரூயிட், லெஹ்டினெனின் வில்லை தொலைந்ததாக எழுதினார். கரைதட்டிய படகைக் கண்டு ஓடிவந்து செய்தி சொன்னவர் லெஹ்டினென். ஏழு பேர் இறந்தனர். ஒருவர் பிழைத்தார். இதை எழுதியவர் ப்ரூயிட்டின் பேத்தி, லெஹ்டினெனின் மருமகள்.'

கடைசி வரியைக் குழு வெட்டச் சொல்லும். விடமாட்டேன். படிக்கிறவர்கள் என்னையும் கொஞ்சம் சந்தேகப்பட்டே படிக்கட்டும்.

நீ கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாயோ, திறப்பு விழாவுக்கு வரமாட்டாயோ, என்னோடு பேசமாட்டாயோ, எனக்குத் தெரியாது. கடையில் வில்லையைத் தொட்டுப் பார்த்தவர்களிடம் நீ என்ன சொல்வாய் என்பதும் தெரியாது. ஆசை காட்டியவள் நான்தான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எழுதியதற்குக் கேட்கமுடியவில்லை.

இனி எழுதப்போவது பலகையில் வராது. எந்தப் பெட்டியிலும் இதற்குத் தாள் இல்லை, வகுப்பில் சொன்னால் என்னைச் சிரிப்பார்கள். உன் அப்பா அந்த வில்லையைக் காட்டியிருந்தால் 'பாதிவழி' என்ற பெயர் அன்றைக்கே போயிருக்கும். காட்டவில்லை. தூக்கி எறிய ஏரி வாசலிலேயே கிடந்தது. எறியவும் இல்லை. உன் அம்மாவின் பொத்தான்களுக்கு அடியில் வைத்துவிட்டு, கதவோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ஆவிக் குளியலுக்குச் சவுனாவில் எல்லோரும் மேல்பலகையில் ஏறிச் சூட்டில் உட்கார்ந்து சிரிப்பீர்களே, அவர் மட்டும் ஒரு நாளும் ஏறினதில்லை, கீழ்ப்பலகையில், கதவுக் காற்று வருகிற இடத்தில் உட்கார்ந்திருப்பார் என்று நீதான் எனக்குச் சொன்னாய். சாகும்வரை முப்பத்தேழு வருஷம், வைனோ. எந்த விசாரணையும் அவருக்கு இவ்வளவு பெரிய தண்டனை கொடுக்கவில்லை. நீ காரணம் தெரியாமலே அதைப் பழகிக்கொண்டாய்.

வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். கோபம் இருந்தால் பெட்டி தூக்க வரவேண்டாம், இம்பி வருவாள். ஒன்று மட்டும் செய். நான் வருவதற்குள் சவுனாவை மூட்டி வை. விறகை மிச்சம் பிடிக்காதே. எனக்காகக் காத்திருக்காமல் மேல்பலகைக்கு ஏறி, கல்லடுப்புப் பக்கமாக உட்கார். உடம்பு நன்றாகச் சுடும்வரை உட்கார். நான் வந்து உன் பக்கத்தில் உட்காருகிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் யாரும் நம்மைக் கேட்கப்போவதில்லை.

ப்ரூயிட் வீட்டில் பிறந்து உன் வீட்டில் வாழும்
உன் ஹேஸல்